கெல்லி மாளிகைக்கும் ஈயக்கப்பலுக்கும் ஒரே சீட்டு: பத்து காஜாவிலிருந்து ஒரு திறந்த மடல்

பேரா மாநிலச் சுற்றுலாப் பொறுப்பாளர்களுக்கும், கெல்லி மாளிகையையும் தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பலையும் நடத்தி வருவோருக்கும்,

வணக்கம்.

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் சாலையில் போனால் கெல்லி மாளிகை. தஞ்சோங் துவாலாங் சாலையில் தெற்கே போனால் ஐந்தாம் எண் ஈயக்கப்பல், அதாவது குட்டையில் மிதந்தபடி ஈயம் (வெள்ளீயம்) தோண்டிய பெரிய இயந்திரம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 20 நிமிடக் கார்ப் பயணம்தான். ஆனாலும் மாளிகை பார்க்க வருகிறவர் படம் பிடித்துக்கொண்டு அப்படியே ஈப்போவுக்குத் திரும்பிவிடுகிறார். கப்பலுக்கு வருகிறவர் மாளிகையை நினைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். கேட்பது சுலபம், நடத்துவது சுலபமல்ல என்பது தெரியும். அதனால் எப்படிப் போடலாம், எங்கே சிக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில், ஏன் இந்த இரண்டு? மலாயாவின் வருமானம் நெடுங்காலம் கித்தாவிலும் (ரப்பர்) ஈயத்திலும் நின்றது. ஸ்காட்லாந்திலிருந்து 1890-இல், 20 வயதில் வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் காட்டை அழித்துக் கித்தா நட்டார். அதற்குக் கிந்தா கெல்லாஸ் தோட்டம் என்று பெயர். மகன் பிறந்த 1915-இல் மாளிகை வேலையைத் தொடங்கினார். செங்கல்லும் ஆட்களும் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தார்கள். 1926-இல் லிஸ்பனில் நிமோனியாவில் அவர் இறந்தார், மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. அந்தப் பக்கம், 1938-இல் சதர்ன் மலாயன் டின் டிரெட்ஜிங் கம்பெனிக்காகக் கட்டப்பட்ட ஈயக்கப்பல் 1982 வரை ஓடியது. எடை 4,500 டன். அதைத் தாங்கும் மிதவை 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். ஒன்று கட்டி முடியாமலே நின்றது, மற்றது ஓடி ஓய்ந்தது. இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் பிள்ளைக்குக் கிந்தா பள்ளத்தாக்கை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கூட்டுச் சீட்டு புதிய யோசனை அல்ல. தமிழ்நாட்டுச் சுற்றுலா போய்வந்த நம்மவர் பலர் மாமல்லபுரத்தில் அதைக் கையில் பிடித்திருப்பார்கள். அங்கே கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே சீட்டு, அதே நாளுக்குள் செல்லும். பலர் கோயிலைப் பார்த்து முடித்ததும் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, ரதங்களின் வாசலில் பையைத் துழாவிக்கொண்டு நிற்பார்கள். ரோமில் வேறு மாதிரி. கொலோசியத்துக்குள் நுழையக் குறித்த நேரம் உண்டு. பக்கத்திலுள்ள ரோமானிய மன்றத்துக்கும் பாலடைன் குன்றுக்கும் 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஒரே ஒரு தடவைதான். நெரிசல் எங்கேயோ அங்கே மட்டும் நேரம் குறி, மற்ற இடத்தில் கையை அவிழ்த்துவிடு என்பது அந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

நமக்குத் தேவை இந்த இரண்டின் கலவை. நம்மிடம் நெரிசல் கப்பலில்தான் வரும். அதன் இரும்புப் படிகள் குறுகல், மேல்தளத்தில் ஒரே நேரத்தில் ஏறக்கூடியவர்களுக்கு அளவு உண்டு. 40 பிள்ளைகளோடு ஒரு பள்ளிப் பேருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால், அதற்குப் பின்னால் வரும் குடும்பம் ஒரு மணி நேரம் வெயிலில் காயும். ஆகவே கப்பலுக்கு நேரம் குறியுங்கள், மாளிகையைத் திறந்துவிடுங்கள். பேருந்துக் கூட்டத்தை 20 பேராகப் பிரித்து, ஒரு பாதி மேலே ஏறும்போது மறுபாதி கீழே வாளிகளைப் பார்க்கட்டும்.

வாளி என்றதும் ஒரு வார்த்தை. ஈய லம்பம் (சுரங்கம்) என்றால் மண்வெட்டி என்று நினைக்கும் பிள்ளைகள் இந்தச் சங்கிலி வாளிகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் கனத்த எஃகு வார்ப்பு. உதட்டில் தேய்மானம் தெரியும், ஏனென்றால் மண்ணைக் கடிப்பது அந்த உதடுதான். வாளிகள் வரிசையாகக் குட்டைக்கு அடியில் இறங்கி, மண்ணை அள்ளி, உச்சிக்கு ஏறிக் கவிழ்க்கும். சுழலும் பெரிய சல்லடை உருளையில் தண்ணீர் பீய்ச்சப்பட, கல் ஒரு பக்கம் போகும், மணலும் ஈயக்கல்லும் கீழே இறங்கும். அடுத்தது ஜிக் எனப்படும் தொட்டிகள். அங்கே தண்ணீர் மேலும் கீழும் துடிக்கும். மணலைவிட ஈயக்கல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம் என்பதால் அது அடியில் தங்கும், மணல் வழிந்து பின்பக்கமாக வெளியேறும். முன்னால் தோண்டி, பின்னால் மண்ணைக் கொட்டி, தன் குட்டையைத் தானே நகர்த்திக்கொண்டு போகும் தொழிற்சாலை அது. வீட்டில் முறத்தில் அரிசி புடைத்தவர்களுக்கு இந்தத் தத்துவம் அரை நிமிடத்தில் விளங்கும். விளக்கிச் சொல்கிறவர் தமிழில் அதைச் சொன்னால் இன்னும் சீக்கிரம்.

இனி வரிசை. சீட்டை இரண்டு வாசலிலும் விற்கலாம், ஆனால் சீட்டின் பின்புறத்தில் 'காலையில் கப்பல், பிற்பகலில் மாளிகை' என்று பெரிதாக அச்சிடுங்கள். காரணம் வானிலை. கப்பல் முழுக்க இரும்பு. உச்சி வெயிலுக்குப் பிறகு கைப்பிடி சுடும், சின்னப் பிள்ளைகள் கைப்பிடியை விட்டுவிட்டுப் படியேறுவார்கள். ஆபத்து அங்கேதான். கிந்தாவில் மழை பெரும்பாலும் மாலை மூன்று மணிக்கு மேல் இடியோடு வரும். திறந்த வெளியில் நிற்கும் இரும்புக் கூட்டின் மேல்தளத்தில் மின்னல் நேரத்தில் யாரையும் வைத்திருக்க முடியாது. மூடித்தான் ஆக வேண்டும். மூடினால் காசு? அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் இருக்கட்டும்: மழையால் கப்பல் மூடப்பட்டால், அந்தப் பாதிச் சீட்டு அடுத்த 30 நாளுக்குச் செல்லும் என்று முத்திரை குத்திக் கொடுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதைவிட இது எளிது, ஆளும் மறுபடி ஊருக்கு வருவார்.

மாளிகையில் மழை பெய்தால் நிற்க அறை உண்டு. ஆனால் அங்கே படிதான் பிரச்சினை. மலாயாவின் முதல் மின்தூக்கி அங்கே வருவதாக இருந்தது. அதற்கான குழி இன்றும் வெறுமனே இருக்கிறது. ஆறடுக்குக் கோபுரத்துக்கு ஏறுவது நெருக்கமான படிகளில்தான். முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு மேல்மாடி எட்டாக்கனி. அவரிடமும் முழுக்காசு வாங்கினால் குடும்பமே முகம் சுளிக்கும். கீழ்த்தளத்துக்கு மட்டும் தனி விலை வையுங்கள், அல்லது 60 வயதுக்கு மேல் கூட்டுச் சீட்டில் பாதி விலை. அந்த வெறும் குழிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டாலும் புண்ணியம்.

எத்தனை நாள் செல்லும்? இரண்டு நாள். ஒரே நாள் என்றால் வெளியூர்க்காரர் இரண்டையும் அடித்துப் பிடித்துப் பார்ப்பார், ஊரில் சாப்பிட மாட்டார். இரண்டு நாள் என்றால் பத்து காஜா கடைத்தெருவில் ஒரு வேளைச் சாப்பாடாவது நடக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டில் ஒன்றுக்கு வார விடுமுறை உண்டென்றால், அதற்கு முந்தைய நாள் விற்கும் சீட்டு அந்த ஒரு நாளோடு முடிந்துபோகும். ஆகவே 'விற்ற தேதியிலிருந்து 48 மணி நேரம்' என்று எழுதாதீர்கள். 'இரண்டு இடமும் திறந்திருக்கும் இரண்டு நாள்' என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி பாதிச் சண்டையைத் தடுக்கும்.

சீட்டின் உருவம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கைப்பேசியில் கியூஆர் குறி மட்டும் போதாது. செம்பனைக்கு நடுவே சில இடங்களில் இணையம் நொண்டும், பள்ளிப் பிள்ளைகளிடம் கைப்பேசியும் இருக்காது. கெட்டி அட்டையில் மூன்று பகுதி, நடுவே துளைக்கோடு. ஒரு பகுதி மாளிகையில் கிழிக்க, ஒரு பகுதி கப்பலில் கிழிக்க, மூன்றாவது பார்வையாளர் கையில் தங்க. அந்த மூன்றாவதில் படம் இருந்தால் கசக்கிப் போடமாட்டார்கள். மாமல்லபுரத்துச் சிக்கல் இங்கே வராது.

பணக் கணக்குதான் கூட்டுச் சீட்டுகளைக் கொல்லும். எடுத்துக்காட்டுக்கு, தனித்தனியே 10 வெள்ளி (ரிங்கிட்) வீதம் 20 ஆகும் இரண்டு சீட்டைச் சேர்த்து 16 வெள்ளிக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விற்ற இடம் 16-ஐயும் கல்லாவில் போட்டுக்கொண்டால், மற்ற இடத்து ஆட்கள் கூட்டுச் சீட்டோடு வருகிறவரைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எனவே பணம் பொதுக் கணக்குக்குப் போகட்டும். கிழித்த துண்டுகளை எண்ணி, மாதம் ஒருமுறை துண்டுக்கு 8 வெள்ளி வீதம் பிரியுங்கள். வாங்கியும் வராதவர்களின் 8 வெள்ளி மிஞ்சும். அது யாருக்கு என்பதில்தான் கைகலப்பு வரும். இருவருக்கும் வேண்டாம், சாலையோர வழிகாட்டிப் பலகைகளுக்கு ஒதுக்குங்கள். வாகனத்தில் வருகிறவர் திருப்பத்தைத் தவறவிடாமல் இருக்க, திருப்பத்துக்கு 300 மீட்டர் முன்னால் ஒரு பலகையும் திருப்பத்திலேயே ஒன்றும் வேண்டும்.

மைகாட் (மலேசிய அடையாள அட்டை) விலை, வெளிநாட்டவர் விலை என்று இரண்டு வைத்தால், கலந்து வரும் குடும்பத்துக்கு ஒரே பரிவர்த்தனையில் சீட்டுக் கொடுக்க முடிய வேண்டும். இந்தியாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த சித்தப்பாவை மட்டும் தனி வரிசையில் நிறுத்துவது நமக்கு அழகல்ல. ரயிலில் வருகிறவர்களுக்கும் இடம் கொடுங்கள். இடிஎஸ் ரயில் பத்து காஜாவில் நிற்கிறது. நிலையத்திலேயே சீட்டு விற்றால், அங்கிருந்து கிராப் வாடகைக் கார் பிடித்துக் கப்பல், மாளிகை, மறுபடி நிலையம் என்று ஒரு சுற்று முடியும். கப்பல் பக்கத்திலிருந்து திரும்பக் கிராப் உடனே கிடைக்காமல் போகலாம், எனவே வார இறுதியில் மட்டுமாவது ஒரு வேன் ஓடட்டும்.

இனி எங்கள் மனத்தில் கனமாக இருப்பது. மாளிகையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டரில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாளிகை வேலையின்போது ஸ்பானியக் காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், துரை ஒத்துக்கொண்டார். நன்றிக்கு அவர் உருவத்தையும் வைத்தார்கள்: தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டு சூட்டும் தொப்பியுமாக ஒரு துரை. அந்தச் சிலையைப் பார்க்க ஆள் வரும். அதனால் கோயிலையும் சீட்டில் சேர்க்கலாமே என்று யாருக்காவது தோன்றும்.

தயவுசெய்து சேர்க்காதீர்கள். அம்மன் வாசலில் சீட்டுக் கிழிக்க வேண்டாம். சீட்டின் பின்புற வரைபடத்தில் கோயில் இருக்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வரவும், பூசை நேரத்தில் படம் பிடிக்க வேண்டாம் என்ற இரண்டு வரி போதும். நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பது நம் கோயில்களின் வழக்கம் என்பதால், காலையில் கப்பல், பிற்பகலில் மாளிகை என்ற வரிசை முடியும்போது நடை திறக்கும் நேரமும் நெருங்கியிருக்கும். கிளம்பும் முன் நேரத்தைக் கோயிலில் விசாரித்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மாளிகையில் சொல்லப்படும் கதைகளிலும் கொஞ்சம் திருத்தம் வேண்டும். பேய் உலவுகிறது என்றால் கூட்டம் கூடும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தச் செங்கல்லை அடுக்கிய கையைப் பற்றி நாலு வரி தமிழில் சுவரில் இருந்தால், இங்குள்ள தோட்டத்துப் பிள்ளை தன் கொள்ளுத் தாத்தாவின் வேலையைப் பார்க்கிறோம் என்று நிமிர்ந்து நிற்பான். பேய்க்கு ஒரு பலகை கொடுத்தால், தொழிலாளிக்கு இரண்டு கொடுங்கள்.

சோதனைக்கு ஒரு பள்ளி விடுமுறைக் காலம் போதும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சுற்றறிக்கை அனுப்புங்கள். பேருந்து, காலைப் பசியாறல், கப்பல் நேரம் எல்லாம் முன்பதிவில் பூர்த்தியாகட்டும். நாள் முடிவில் இரண்டு வாசலிலும் கிழித்த துண்டுகளை எண்ணிப் பாருங்கள். மாளிகைத் துண்டு 100, கப்பல் துண்டு 60 என்று வந்தால் கப்பலுக்கு வழி சொல்லும் பலகைதான் குறை என்று புரியும். தலைகீழாக வந்தால் மாலை மழையைக் குறை சொல்லலாம்.

இங்ஙனம்,
பத்து காஜா வட்டாரத் தமிழர் சிலர்