கேள்வி கேட்டால் பதிலுக்கும் நேரம் கொடுங்கள்

குழந்தைகளுக்காக நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கும் அவற்றை ஒளிபரப்புகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் என் தங்கை மகளோடு உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். அவளுக்கு நான்கு வயது. திரையில் ஒரு பூனைக்குட்டி எங்களைப் பார்த்துக் கண்ணை உருட்டி, "சிவப்புப் பந்து எங்கே இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்?" என்று கேட்டது. இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரை முழுக்கத் தேடி, விரலை நீட்டி, வாயைத் திறந்தாள். அதற்குள் பூனை "ஆமா! சரியா சொன்னீங்க!" என்று கைதட்டிவிட்டு வேறு இடத்துக்கு ஓடிவிட்டது. நீட்டிய விரல் அப்படியே நின்றது. "பெரியம்மா, நான் இன்னும் சொல்லவே இல்லியே?" என்றாள்.

இரண்டாவது கேள்விக்கும் அதே கதைதான். மூன்றாவது கேள்வி வந்தபோது அவள் நிமிரவில்லை. மெத்தையில் சாய்ந்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்றாவது கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எங்கள் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது" என்று புலம்ப நான் வரவில்லை. எங்கள் காலத்துக் குப்பை எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. 1980களில் பொம்மையை முதலில் சந்தையில் இறக்கிவிட்டு, அதை விற்பதற்காகக் கார்ட்டூன் எடுத்தார்கள். 'ஹீ-மேன்' பொம்மை கடைக்கு வந்தது 1982இல், தொடர் வந்தது 1983இல். அமெரிக்காவில் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு இடையிலான விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை 1984இல் எடுத்துவிட்டார்கள். அப்புறம் 1990இல் சட்டம் போட்டு, வார நாட்களில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் 10.5 நிமிடம் என்று மறுபடி கட்ட வேண்டியிருந்தது. ஆக, குழந்தையை வைத்துக் காசு பார்க்கும் ஆசை ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. ஆனால் அப்போது கூட, நிகழ்ச்சி முடிந்தால் முடிந்ததுதான். குழந்தை எழுந்து போகும்.

உங்கள் தொழிலில் ஒரு கருவியின் கதை இருக்கிறது. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சி 1969 நவம்பரில் ஒளிபரப்பாவதற்கு முன்பே, அதன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த எட்வர்ட் பாமர் ஒரு சோதனை செய்தார். குழந்தைக்கு முன்னால் தொலைக்காட்சி ஓடும். பக்கத்தில் இன்னொரு சிறு திரையில் ஏழரை நொடிக்கு ஒரு தடவை படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கண் எந்த இடத்தில் நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்குப் போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் காட்சியை மாற்றுவார்கள், அல்லது தூக்கிவிடுவார்கள். நிகழ்ச்சியில் ஒரு தெரு வரும்; அந்தத் தெருவில் பேசும் பொம்மைகள் இல்லாமல் மனிதர்கள் மட்டும் வரும் காட்சிகளில் குழந்தைகள் கவனம் சிதறுவது 1969 கோடையில் நடந்த சோதனைகளில் தெரிந்தது. நிஜத்தையும் கற்பனையையும் கலந்தால் குழந்தைகள் குழம்புவார்கள் என்று உளவியலாளர்கள் எச்சரித்திருந்தார்கள். அதையும் மீறி பொம்மைகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். ஆள் உயரத்தையும் தாண்டிய 'பிக் பேர்ட்' என்ற மஞ்சள் பறவைப் பொம்மை பிறந்தது அப்படித்தான்.

இப்போது 2022க்கு வாருங்கள். இன்றைக்கு உலகெங்கும் மிக அதிகம் பார்க்கப்படும் சிறுவர் காணொளிகளைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றும் இதையேதான் செய்கிறது என்று ஒரு அமெரிக்க நாளிதழ் எழுதியது. நிகழ்ச்சி ஓடும் பெரிய திரை, சில அடி தள்ளி அன்றாட வீட்டுக் காட்சிகள் ஓடும் சின்னத் திரை, குறிப்பெடுக்க ஒருவர். படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் கருவி அதே கருவி!

ஆனால் பாமர் காலத்தில் இன்னொரு பாதியும் இருந்தது. கண் எங்கே போனது என்று பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. குழந்தை என்ன கற்றது, எந்த எழுத்து தெரிந்தது, எது புரியவில்லை என்றும் உட்கார்ந்து கேட்டார்கள். முதல் ஆண்டில் கற்றல் நடந்ததா என்று சோதிக்கும் பொறுப்பைத் தேர்வு நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒரு வெளி அமைப்பிடம் கொடுத்தார்கள். கவனத்தை இழுப்பது அவர்களுக்கு வாசல்படி. இன்றைக்குப் பார்த்தால், வாசல்படியே வீடாகிவிட்ட மாதிரி தெரிகிறது. எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்ற கணக்கு உங்கள் மேசைக்கு நாள் தவறாமல் வருகிறது. பார்த்ததில் என்ன தங்கியது என்ற கணக்கு வருகிறதா?

சரி, பூனைக்குட்டிக்குத் திரும்புவோம். அதே 'செசமி ஸ்ட்ரீட்' சோதனைக் காலத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற நடிகரை அழைத்து ஆங்கில எழுத்துகளைச் சொல்ல வைத்தார்கள். கனத்த குரல். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே அவர் விட்ட இடைவெளி ரொம்ப நீளம். எடிட்டிங் மேசையில் உட்காரும் எவருக்கும் கை துறுதுறுக்கும், வெட்டிவிடலாமா என்று. வெட்டாமல் விட்டதால் ஒரு விஷயம் தெரியவந்தது. முதலில் குழந்தைகள் அவர் சொன்ன பிறகு சொன்னார்கள். சில தடவை பார்த்ததும் அவரோடு சேர்ந்து சொன்னார்கள். அப்புறம் எழுத்து திரையில் தெரிந்த உடனே, அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்கள். அந்த மௌனத்துக்குள்தான் குழந்தை நுழைந்தது.

1996இல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' இதையே ஒரு முழு நிகழ்ச்சியாக்கியது. நடத்துகிறவர் கேள்வி கேட்பார்; கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருப்பார், பெரியவர்களுக்குச் சங்கடமாகும் அளவுக்கு. ஒரே அத்தியாயத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் போட்டார்கள். சலித்துப்போகும் என்றுதானே யாரும் நினைப்போம்? ஆய்வு செய்து பார்த்ததில் குழந்தைகளின் கவனம் குறையவில்லை. நாளாக நாளாக அவர்கள் திரையோடு பேசுவது கூடியது. புதிது புதிதாகக் கேட்டு அரித்துக்கொண்டிருப்பது குழந்தை இல்லை, நாம்தான். (இந்தக் காத்திருப்பையும் பின்னால் பலர் காப்பியடித்தார்கள். எண்ணி மூன்று நொடி நின்றுவிட்டு, குழந்தை என்ன சொன்னாலும் "அருமை" என்று கத்துவது அந்தக் காப்பியின் காப்பி. என் தங்கை மகள் பார்த்த பூனைக்கு அந்த மூன்று நொடி கூட இல்லை.)

டப்பிங் செய்து வெளியிடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மூல நிகழ்ச்சியில் இருக்கும் கொஞ்சநஞ்ச மௌனத்தையும் நீங்கள் வசனத்தால் அடைத்துவிடுகிறீர்கள். அசல் மொழியில் இரண்டு சொல்லில் முடிவது நம் மொழியில் நான்கு சொல்லாக நீளும். அதை வாயசைவுக்குள் திணிக்க வேகமாகப் பேசியாக வேண்டும். வேகமாகப் பேசினால் குரல் உயர்ந்துவிடும். கடைசியில் எல்லாப் பாத்திரமும் கத்துகிறது. யானையும் கத்துகிறது, எறும்பும் கத்துகிறது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஒன்றுக்கு மேல் வேண்டாம். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வேகமான கார்ட்டூன் ஒன்றை ஒன்பது நிமிடம் பார்த்தது; இன்னொன்று மெதுவான நிகழ்ச்சி பார்த்தது; மூன்றாவது படம் வரைந்தது. பொறுத்திருப்பது, விதியை நினைவில் வைத்துச் செய்வது போன்ற வேலைகளை உடனே கொடுத்தபோது, வேகமான கார்ட்டூன் பார்த்தவர்களே பின்தங்கினார்கள். சின்ன ஆய்வு, உடனடி விளைவு மட்டும்தான் அளந்தார்கள். காரணம் வேகமா, நடக்க முடியாத மாயங்கள் அடுத்தடுத்து வருவதா என்று பின்னால் விவாதமும் நடந்தது. இதை வைத்து உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் இல்லை. அந்த ஒன்பது நிமிடத்துக்குப் பிறகு குழந்தையைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று யாரோ நினைத்தார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஏனென்றால் என் அடுத்த கோரிக்கை அந்த 'பிறகு' பற்றித்தான். பிரிட்டனில் 1957 பிப்ரவரி வரை மாலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியே நின்றுவிடும். ஏழு மணிக்குத்தான் மறுபடி வரும். இடைப்பட்ட நேரத்தில் பெற்றோர் சிறுபிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மணிநேர விளம்பர வருமானம் போகிறதே என்று வணிக ஒளிபரப்பாளர்கள் விடாமல் அழுத்தி அதை எடுக்கவைத்தார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை, அதெல்லாம் இனி நடக்காது. அந்நாளைய கிழக்கு ஜெர்மனியில் 1959இல் தொடங்கிய 'சாண்ட்மென்ஷன்' இன்னொரு வழி காட்டியது. சின்னத் தாடி வைத்த பொம்மை மனிதர் வருவார். ஒரு குட்டிக் கதை ஓடும். கடைசியில் தூக்கப் பொடியைத் தூவிவிட்டுப் போய்விடுவார். பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாடே இல்லாமல் போனது, அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

இதைவிடத் துணிச்சலான ஒன்றும் உண்டு. பிபிசியில் 1973 முதல் 1995 வரை ஓடிய ஒரு சிறுவர் நிகழ்ச்சி. "தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போய், இதைவிடச் சலிப்பில்லாத வேறு ஏதாவது செய்யேன்" என்பதுதான் அதன் முழுத் தலைப்பின் பொருள். ஒளிபரப்புகிறவனே அணைக்கச் சொல்கிறான்! உங்கள் அலுவலகத்தில் யாராவது இந்தத் தலைப்போடு ஒரு திட்டம் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என்ன நடக்கிறது? ஓர் அத்தியாயம் முடியும் முன்பே திரையின் மூலையில் அடுத்தது எட்டிப்பார்க்கிறது. முடிவுப் பாடல் ஓடுவதற்குள் அதைச் சுருக்கி ஓரம் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பாட்டுதான் "முடிந்தது, எழுந்திரு" என்று குழந்தைக்குச் சொல்லும் ஒரே அடையாளம். அது இல்லாத இடத்தில் அந்த வேலை எங்கள் தலையில் விழுகிறது. அணைக்கிறவள் நான், அழுகிறவள் அவள், நல்ல பிள்ளையாக அடுத்த அத்தியாயத்தோடு காத்திருப்பது நீங்கள்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை என்பதற்கு இன்றைய உதாரணமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 2018இல் வந்த, ஒரு நாய்க் குடும்பத்தைப் பற்றிய கார்ட்டூன் 'ப்ளூயி'. அத்தியாயத்துக்கு ஏழு நிமிடம்தான். ஒன்றில் அந்த நாய்க்குட்டிகள் பலூனைத் தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து முடித்ததும் என் தங்கை மகள் எழுந்துபோய் வீடெல்லாம் பலூன் தேடினாள். கிடைக்கவில்லை. தலையணை உறையை ஊதிப் பார்த்தாள். அரைமணி நேரம் தொலைக்காட்சிப் பக்கமே வரவில்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். நல்ல அனிமேஷன் மலிவாக வராது, குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் பெரிய விளம்பரமும் கிடைக்காது. பிரிட்டனில் 2019இல் இளம் பார்வையாளர்களுக்கென்றே தொடங்கிய பொது நிதியைக் கூட 2022இல் நிறுத்திவிட்டார்கள். அரசுகளிடம் நீங்கள் சண்டை போடுங்கள், நாங்களும் கூட வருகிறோம். ஆனால் நான் கேட்பவற்றில் பலவற்றுக்குப் பணமே வேண்டாம். கேள்விக்குப் பிறகு ஐந்து நொடி வெட்டாமல் விடுங்கள். முடிவுப் பாடலை முழுதாக ஓடவிடுங்கள். அடுத்த அத்தியாயம் தானாகத் தொடங்கும் வசதியை, சிறு குழந்தைகளுக்கான பகுதியில் முதலிலேயே அணைத்து வையுங்கள், வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். குழந்தைகளை வைத்துச் சோதனை செய்கிறீர்கள் என்றால், அதில் என்ன அளந்தீர்கள் என்று பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

அந்தச் சோதனை அறையைப் பற்றி ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பெரிய திரையை விட்டுச் சின்னத் திரைக்குக் கண்ணைத் திருப்புகிற குழந்தை இருக்கிறதே, அதனிடம் யாராவது குனிந்து "அங்கே என்னம்மா பார்த்தே?" என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தால் அது என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நான்கு வயதுக்காரி ஒருத்தியின் பெரியம்மா