கதவைத் தாழ் போட்ட அந்த அரை மணி நேரம்

ஏங்க,

இன்னைக்கு நம்ம கல்யாண நாள். காலையில சொன்னேன், "யாருக்கு?"ன்னு கேட்டீங்க, நமக்குத்தான்னதும் சிரிச்சுட்டு இட்லிய கையிலயே வெச்சுக்கிட்டு ஜன்னலைப் பாக்க ஆரம்பிச்சுட்டீங்க. 44 வருஷம்.

திங்கக்கிழமை உங்களை ஹோம்ல விடப்போறேன். 20 நாளைக்கு. எனக்கு ஆபரேஷன். என்ன ஆபரேஷன்னு இங்க எழுத மாட்டேன், சொந்தக்காரங்க எல்லாம் படிப்பாங்க, பசங்களுக்கும் சங்கடம். கனம் தூக்காதீங்கன்னு டாக்டரம்மா ரெண்டு வருஷமா சொல்றாங்க, நான் தூக்குற கனம் நீங்கதான்னு அவங்ககிட்ட வாய் திறந்து சொல்லல. போன மாசம் மக்களைத் தேடி மருத்துவம்ல உங்களுக்கு பிரஷர் மாத்திரை கொண்டு வர்ற பொண்ணு, "ஐயாவுக்கு பாத்தாச்சு, நீங்க கையை நீட்டுங்கம்மா"ன்னு பட்டையை சுத்திடுச்சு. 180/110. அந்தப் புள்ள முகம் மாறினதைப் பாத்துதான் எனக்கு பயமே வந்துச்சு. நான் விழுந்துட்டா உங்களுக்கு யாரு சோறு பிசைஞ்சு கையில வைப்பா.

சரி, அதை சொல்லிடுறேன், சொல்லாம தூக்கம் வரல.

சித்திரை மாசம், நல்ல வெயில். ஒரு வருஷமாவே நீங்க என் பின்னாலயேதான் சுத்துறீங்க, அடுப்படிக்குப் போனா அடுப்படி, கொல்லைக்குப் போனா கொல்லை, பாத்ரூம் போனாக்கூட கதவைச் சாத்த விட மாட்டீங்க. இந்த மறதி வியாதியில அப்படித்தான் இருக்கும், கண்ணுல படலன்னா ஆளே இல்லாம போயிட்ட மாதிரி பயந்துருவாங்கன்னு டாக்டர் சொன்னாரு. தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு உள்ள போயி தாழ் போட்டுக்கிட்டேன். குளிக்கக்கூட இல்ல, கவுத்துப் போட்ட பக்கெட்டு மேல சும்மா உக்காந்திருந்தேன். நீங்க தட்டுனீங்க. "அம்மா... அம்மா..."ன்னு கூப்பிட்டீங்க, அது உங்க அம்மாவையா என்னையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நான் குழாயைத் திறந்துவிட்டேன். சத்தம் கேக்கக்கூடாதுன்னுதான் திறந்தேன், இன்னும் பெருசா திறந்தேன், பக்கெட் இல்லாம தண்ணி பாட்டுக்கு ஓடுது, நம்ம ஏரியாவுல தண்ணிக்கு என்ன பாடுன்னு தெரிஞ்சும். அரை மணி நேரம்.

வெளிய வந்தா நீங்க நிலைப்படிகிட்ட தரையில உக்காந்திருக்கீங்க, மடியில என் செருப்பு. ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தீங்க. என்னையே பாத்து, "அந்தம்மா உள்ள போச்சு, இன்னும் வரல"ன்னீங்க.

மன்னிச்சிடுங்க. ஆனா நானும் மனுஷிதானே, ஒரு கதவை சாத்திக்கிட்டு உக்கார எனக்கு ஆசை இருக்கக்கூடாதா? நீங்க பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல இருந்த வரைக்கும் சங்கு ஊதினா கிளம்பிடுவீங்க, சாயங்காலம் சங்கு ஊதினதும் யூனியன் ஆபீஸ், டீக்கடை, எட்டு மணிக்கு வந்து தட்டு முன்னாடி உக்காருவீங்க. நீ சாப்ட்டியான்னு ஒரு நாள் கேட்டதில்ல. உங்க அம்மாவுக்கு இதே மாதிரி வந்தப்ப ஆறு வருஷம் பாத்தது யாரு? "நீ சரியா கவனிக்கல, அதான் அம்மா இப்படி ஆயிட்டாங்க"ன்னு எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்களே. நீங்க அதை மறந்துட்டீங்க. எனக்கு மட்டும் ஞாபகம் இருக்கு, அதுதான் எரிச்சலா வருது, சண்டை போடக்கூட எதிர்ல ஆள் இல்ல.

உங்க தங்கச்சி இதைப் படிக்கும்னு தெரியும். அதுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன், அண்ணனைத் தள்ளிவிடல, ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் நான் ஒரு குடம் தண்ணி தூக்கக்கூடாது, 20 நாள் கழிச்சு கூட்டிட்டு வந்துருவேன், அதுக்கப்புறம் தூக்கி உக்கார வைக்க பகலுக்கு ஒரு ஆள் பேசியாச்சு. மத்ததை நேர்ல பேசிக்கலாம்.

அந்தக் கையைத்தான் மறக்க முடியல. ஊட்டி ரயில் இன்ஜினுக்கு ஒரு நூல் பிசகாம வேலை பாத்த கை, டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னப்ப 12 நம்பரையும் ஒரே பக்கமா நெருக்கி எழுதிட்டு, முடிஞ்சிருச்சு சார்னு பேனாவை மூடி குடுத்துச்சு. மாத்திரை குணமாக்காது, கொஞ்ச நாள் தாங்கும் அவ்வளவுதான்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வர்ற வழியில எனக்கு பூ வாங்கிக் குடுத்தீங்க, ஞாபகம்... சரி விடுங்க.

ஹோம்ல குடுக்க ஒரு நோட்டு எழுதியிருக்கேன். காலையில அஞ்சரைக்கு டிபன் பாக்ஸ் கேப்பாங்க, இல்லன்னு சொல்லாதீங்க, கையில குடுத்து வாசல் வரைக்கும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போயி இன்னைக்கு ஷாப் லீவாம்னு சொன்னா திரும்பிடுவாங்க. எதிர்த்துப் பேசினா கோவம் வரும். கண்ணாடி தெரியற மாதிரி படுக்க வைக்காதீங்க, யாரோ கெழவன் நிக்கறான்னு பயப்படுவாங்க. தண்ணி கேக்க மாட்டாங்க, நீங்களா குடுக்கணும். முருங்கைக்காய் வேணாம், சக்கையைத் துப்பத் தெரியல.

துணி எடுத்து வெச்சாச்சு. டிபன் பாக்ஸும். தனிக் கவர்ல என் பழைய செருப்பு ஒரு ஜோடி இருக்கு, கழுவிக் காய வெச்சதுதான். நீங்க தேடினா அதை மடியில குடுத்து, "அந்தம்மா உள்ள போயிருக்கு, வந்துரும்"னு சொல்லச் சொல்லியிருக்கேன்.