நூலகத்து ஞாயிறுகளுக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும் நன்றி

பினாங்கு மக்களுக்கும், பட்டர்வொர்த், கூலிம் பக்கமிருந்து பெர்ரி ஏறி வந்து சேர்ந்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வட்டார நூலகத்தில் ஞாயிறுதோறும் நடந்த தமிழர் வரலாற்று உரைத்தொடர் போன வாரத்தோடு நிறைவடைந்தது. பேச வந்தவர்களுக்கு அன்றன்றைக்கே பொன்னாடை போர்த்திக் கைதட்டிவிட்டோம். ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்கள், நாற்காலி தூக்கிப் போட்டவர்கள், வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய தாள்களை நம்பி எங்கள் கையில் கொடுத்தவர்கள், இவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. இந்த மடல் அவர்களுக்குத்தான்.

முதல் நன்றி நூலகப் பணியாளர்களுக்கு. மண்டபத்தை வாடகை இல்லாமல் கொடுத்தார்கள், அது பெரிய உதவி. ஆனால் அதைவிடப் பெரியது அவர்கள் காட்டிய பொறுமை. ஒரு குடும்பம் தாத்தாவுடைய காலத்துக் கங்காணி லைசென்ஸ் ஒன்றை, அதாவது ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கங்காணிக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்திருந்தது. நான்காக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, தொட்டால் உதிர்ந்துவிடும் நிலையில் இருந்த தாள். முகப்பில் இருந்த மலாய் அக்கா அதை ஸ்கேனரில் வைத்து அழுத்த மறுத்துவிட்டார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்து, மேலிருந்து கேமராவில் படம் எடுத்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர், ஆனாலும் கிராம முன்சீப்பின் (ஊர் அதிகாரியின்) கையெழுத்து இருந்த மூலையை மட்டும் தனியாக இன்னொரு படம் எடுத்துக் கொடுத்தார், ‘இதுதான் உங்கள் ஊர் பெயர் இருக்கிற இடமா?’ என்று கேட்டுக்கேட்டு. அந்தக் குடும்பத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் என்பது மட்டுமே தெரிந்திருந்தது. ஊர் எது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அப்புறம் பெரியவர்களுக்கு. கப்பல் பயணம் பற்றிய உரையில், நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்கள், 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், இங்கே இறங்கியதும் ஜெரெஜாக் தீவில் தங்கவைத்து நோய் பார்த்தது, பயணச் செலவுக்கான உதவிப் பணத்தில் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறுவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது என்று பேச்சாளர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் மூன்றாவது வரிசைப் பாட்டி ஒருவர் எழுந்து, கப்பல் தளத்தில் பாய் விரிக்க இடம் பிடிப்பதற்கு அவருடைய அம்மா பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். பேச்சாளர் மைக்கைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த மனசுக்கு ஒரு தனி நன்றி. இப்படிக் கேட்க ஆள் இல்லாமல் நம் வீடுகளில் எத்தனை கதைகள் போய்விட்டன!

சயாம் மரண ரயில் பற்றிய வாரம் எல்லாருக்குமே கனத்த வாரம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்கள். போர்க்கைதிகளைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. திரும்பி வராத அப்பாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, சத்தமாக வாசியுங்கள் என்று கேட்ட ஐயாவுக்கு எங்கள் வணக்கம். வாசித்தோம். மண்டபமே எழுந்து நின்றது.

கடைசி வாரம் நடை. பினாங்கு தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளில் தொடங்கி, 1833இல் எழுந்த குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெரு நாகூர் தர்கா வரை. எல்லாம் கூப்பிடு தூரத்தில்தான், ஆனாலும் பத்து மணி வெயிலில் பெரியவர்களை வைத்துக்கொண்டு நடப்பது லேசில்லை. வழியில் தண்ணீர் கொடுத்த கோயில்காரர்களுக்கும், கொஞ்ச நேரம் நிழலில் உட்காரச் சொல்லி மின்விசிறியைத் திருப்பிவிட்ட பள்ளிவாசல் பெரியவருக்கும் நன்றி. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தத் தெருக்களில் இன்னும் பூக்கட்டி, மாவரைத்து, கடை வைத்துப் பிழைக்கிறவர்கள்தான் அன்றைக்கு எங்களுக்கு நிஜமான வழிகாட்டிகள்.

பசியாற வடையும் மீ கோரெங்கும் கொண்டுவந்த அக்காமார்கள், ஒலிப்பதிவு செய்த கல்லூரித் தம்பி தங்கைகள், பேனர் அச்சடித்துப் பணம் வாங்க மறுத்த அச்சகக்காரர், எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய அருங்காட்சியகப் படங்களை வைத்து விளக்கம் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர், உடம்பு சரியில்லாத நாளிலும் வந்தார். ஐயா, இனிமேல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களிடம் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

ஒரு விஷயம். படம் எடுத்த தாள்களின் பிரதிகளை உரிய குடும்பங்கள் நூலக முகப்பில் வாங்கிக்கொள்ளலாம். அசல் தாள்கள் எல்லாம் அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. வீட்டில் இன்னும் (குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த) சிவப்பு அடையாள அட்டை, கப்பல் டிக்கெட், தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்; அப்படியே கொண்டுவாருங்கள், அக்கா பார்த்துக்கொள்வார்.

நன்றியுடன்,
ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு