எதிராளி இல்லாத சனிக்கிழமை

ஹேர்ணே, ஜேர்மனி
நவம்பர் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நான் சுகம். நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். “குளிரையும் பாணையும் பற்றியே எழுதுகிறாய், உலகக் கிண்ணம் எடுத்த நாட்டில் இருந்துகொண்டு உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லையே” என்று எழுதியிருந்தீர்கள். எந்தப் பக்கம் என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியை இங்கே பஸ்ஸில் சத்தமாகக் கேட்டால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சரி, விபரமாகவே எழுதுகிறேன்.

ஹேர்ணே இரண்டு ஊர்களுக்கு நடுவில் அகப்பட்ட ஊர். கிழக்கே டோட்முண்ட், மேற்கே கெல்சன்கிர்ஷன். ஒன்றிலிருந்து மற்றதுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை போகிற தூரம்தான். டோட்முண்டின் கழகம் பொருசியா, நிறம் மஞ்சளும் கறுப்பும். கெல்சன்கிர்ஷனில் ஷால்கே 04, நீலமும் வெள்ளையும். அந்த 04 என்பது 1904, கழகம் பிறந்த வருடம். யாழ்ப்பாணத்தில் உங்கள் சென்ரல் கல்லூரியும் சென்.ஜோன்ஸ் கல்லூரியும் வடக்கின் பெருஞ்சமரைத் தொடங்கிய அதே வருடம். இதை நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு ஷால்கேக் கிழவரிடம் பெருமையாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், அது கிரிக்கெட் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். இந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் கரியும் இரும்பும்தான். கடைசிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ஆனால் ஷால்கே மைதானத்தில் ஆட்டக்காரர் வெளியே வருகிற வழியைச் சுரங்கப் பாதை மாதிரியே அமைத்திருக்கிறார்கள், மட்ச் தொடங்க முதல் சுரங்கத் தொழிலாளரின் பாட்டைச் சனம் எழுந்து நின்று பாடும். டோட்முண்டின் கதை வேறு. 1909இல் கோயில் இளைஞர் சங்கத்துப் பெடியள் பந்து விளையாடுவது அங்கிருந்த பாதிரியாருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் ஒரு மதுக்கடையில் கூடித் தனிக் கழகம் தொடங்கிவிட்டார்கள். எங்கள் கரையோரத்தில் நாவாந்துறை சென்.மேரிஸ், பாசையூர் சென்.அன்ரனிஸ் என்று கோயில் பேரோடு கழகம் இருக்க, இவர்கள் கோயிலோடு முறித்துக்கொண்டு வந்தவர்கள்.

ஷால்கேக்காரர் டோட்முண்டின் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். லூடன்ஷைட் என்ற வேறொரு ஊரின் பேரைப் போட்டு ‘லூடன்ஷைட் வடக்கு’ என்பார்கள். அம்மம்மா அப்புவின் பேரைச் சொல்லாமல் சுற்றி வளைத்த மாதிரி. டோட்முண்ட்காரர் பதிலுக்கு ஷால்கேயை ‘ஹேர்ணே மேற்கு’ என்பார்கள். இவர்கள் சண்டையில் என் ஊரின் பேர் ஏன் வசவாக வேண்டும் என்பதுதான் எனக்குக் கோபம்.

கிழவருக்குப் பிடித்த கதை 1969 செப்டம்பரில் நடந்தது. டோட்முண்டில் ஷால்கே ஒரு கோல் அடிக்க, சனம் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டது. அவர்களைக் கலைக்கக் கொண்டுவந்த காவல் நாய்களில் ஒன்று ஷால்கே ஆட்டக்காரர் பிரீடல் ரவுஷின் பின்பக்கத்தில் கடித்துவிட்டது. மனுஷன் தொடர்ந்து விளையாடினார். அடுத்து டோட்முண்ட் தங்கள் ஊருக்கு வந்தபோது ஷால்கே தலைவர் ஒரு பூங்காவிலிருந்து சிங்கங்களைக் கொண்டுவந்து மைதானத்தில் நடத்திக் காட்டினார். நாய்க்குச் சிங்கம்! கிழவர் இதைச் சொல்லி முடிக்கும்போது இருமல் வந்துவிடும், நான் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது 2023. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம். மார்ச் 11 அன்று ஷால்கேயின் மைதானத்தில் மட்ச். ஷால்கே அட்டவணையின் அடியில், டோட்முண்ட் கிண்ணத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. டோட்முண்ட் இரண்டு தரம் முந்த, ஷால்கே இரண்டு தரமும் எட்டிப்பிடித்தது. 2–2. மே 27, கடைசி நாள். டோட்முண்ட் வென்றால் கிண்ணம். சொந்த மைதானத்தில், 25,000 பேர் நின்றபடி பார்க்கிற, மஞ்சள் சுவர் என்று பேர்பெற்ற பார்வையாளர் பகுதிக்கு முன்னால், மைன்ஸோடு 2–2 என்று சமநிலையில் முடித்தார்கள். கொலோனில் பயேர்ன் மியூனிக் 89ஆவது நிமிடத்தில் கோல் அடித்து வென்றுவிட்டது. இரண்டு பேருக்கும் 71 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கிண்ணம் பயேர்னுக்கு. அதே பின்னேரம் ஷால்கே லைப்சிக்கில் 4–2 என்று தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

எங்கள் சாப்பாட்டறையில் ஒரே நேரத்தில் இரண்டு செத்தவீடு. நெடுநேரம் கழித்துக் கிழவர்தான் வாய் திறந்தார். “நாங்கள் கீழே போகும்போது அவர்களுடைய கிண்ணத்தையும் கொண்டு போனோம்” என்றார். மார்ச்சில் பறித்த அந்த இரண்டு புள்ளியைச் சொல்கிறார். தன் கழகம் இறங்கிய நாளில் இப்படி ஒரு சந்தோஷம்! 1958க்குப் பிறகு ஷால்கே சாம்பியன் ஆகவே இல்லை. 2001இல் நாலு நிமிடம் மட்டும் ஆனோம் என்று நினைத்துக் கொண்டாடி, பிறகு அழுதவர்கள். அவர்களுக்கு இது போதும்.

அதற்குப் பிறகு லீக்கில் இரண்டு பேரும் மோதவே இல்லை. இப்போதுதான் வேடிக்கை. ஷால்கே இரண்டாம் பிரிவில் விளையாடினாலும் அறுபதாயிரம் பேர் போகிறார்கள். டோட்முண்ட் இந்த ஜூனில் வெம்பிளியில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வரை போனது. ஆனால் நடைபாதைக் கடைசி அறையில் இருக்கிற டோட்முண்ட்காரி, ஒரு ஆசிரியையாக இருந்தவர், சனிக்கிழமைகளில் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறார். பயேர்னைத் திட்டுவது கடமைக்காம், ஷால்கேயைத் திட்டுவதில்தான் ருசியாம். வெம்பிளியில் ரியல் மட்ரிட்டிடம் தோற்ற மறுநாள் அவர் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பாணைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகக் கிழவர் கேட்டார். நல்ல மனசு என்று நினைத்தேன். கதவடியில் நின்று “இரண்டு சைபர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். உள்ளேயிருந்து வந்த வசவைக் கேட்டு நாங்கள் எல்லோரும் ஆறுதலடைந்தோம். மத்தியானம் சாப்பிட வந்துவிட்டார்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாக இல்லை. இந்த மட்ச் நாட்களில் ரயில் நிலையமெல்லாம் பொலிஸ், ஒரு பக்கத்தாரை மற்றப் பக்கத்தாரின் கண்ணில் படாமல் கூட்டிப்போவார்கள். போத்தல் உடைக்கிற, புகைக்குண்டு கொளுத்துகிற கூட்டமும் உண்டு. அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எங்கள் துரையப்பா அரங்கிலும் சண்டை வந்ததுண்டு, நீங்கள் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இடைவேளையிலேயே வீட்டுக்கு மிதித்ததும் உண்டு. ஆனாலும் அடுத்தநாள் மீன்சந்தையில் எல்லோரும் ஒன்றாகத்தானே நின்றார்கள்.

பாடும்மீன் கழகமும் சென்.மேரிஸும் இந்த வருடம் மோதினார்களா? உதயனில் வந்திருந்தால் வெட்டி வைத்திருங்கள். சித்தியின் கண் பரிசோதனைக்குக் காசு அடுத்த கிழமை போடுகிறேன், தள்ளிப்போட விடவேண்டாம். தம்பிக்கு ஜேர்சி வேண்டுமாம், என்ன நிறம் என்று கேட்டு எழுதுங்கள். நீலம் என்றால் இங்கேயே கடையில் வாங்கலாம், மஞ்சள் என்றால் டோட்முண்டுக்கு ரயில் ஏற வேண்டும், அதைக் கிழவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்