உன்ரை விரல் எத்தனை தட்டுது?

கொக்குவில்,
நல்லூர்த் தீர்த்தம் முடிஞ்ச கிழமை.

அன்பின் மச்சான்,

உன்ரை கடிதம் கிடைச்சுது. முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சதிலை சந்தோசம். இஞ்சை எல்லாரும் சுகம். வெயில்தான் ஆளைத் திண்ணுது, கிணத்திலை தண்ணி அடியோடை கிடக்கு.

நீ எழுதின ஒரு வரி என்னை விடேல்லை. திங்கள் எண்டு நினைக்க வெள்ளி வந்திடுது, ஆனால் பஸ்ஸுக்கு நிக்கிற பத்து நிமிசம் மட்டும் போகுதேயில்லை எண்டு எழுதியிருந்தாய். அதுக்குத்தான் இவ்வளவு கடதாசி.

சப்பறத்தண்டு வீதியிலை ஒரு தவில்காரப் பெடியன் வாசிச்சான். இருபத்தைஞ்சு வயசு இருக்காது. கணக்கு வழக்கெல்லாம் காட்டி, கடைசியிலை ஒரு கோர்வையை மூண்டு முறை அடிச்சு, சமத்திலை, தாளம் திரும்பத் தொடங்கிற முதல் அடியிலை, கொண்டுவந்து போட்டான். எனக்குப் பக்கத்திலை நிண்ட ஆச்சிக்குத் தாளம் கீளம் ஒண்டும் தெரியாது, கையிலை கற்பூரச்சட்டி. ஆனால் அந்த அடி விழமுன்னமே அவவின்ரை தலை ஆடிட்டுது! எங்கடை தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975 இலை செத்துப் போனவர். அவரை நேரிலை கேட்ட கடைசிச் செட் நாங்கள். எண்டாலும் அண்டைக்கு நான் பாத்தது அந்த ஆச்சியைத்தான்.

இதைப் பற்றி அமெரிக்காவிலை மாரி ஜோன்ஸ் எண்ட உளவியல்காரி 1976 இலையே எழுதியிருக்கிறா. கவனம் ஒரே வெளிச்சத்திலை எரியிற லைற் மாதிரி நிக்காதாம், அலை மாதிரி ஏறி இறங்குமாம். ஒழுங்கான தாளம் கேட்டால் அந்த அலையும் அதோடை சேந்து ஓடி, அடுத்த அடி விழப்போற இடத்திலை உச்சத்துக்கு வரும். பிறகு சோதிச்சும் பாத்தவை. முதல்லை ஒரு சுருதி. இடையிலை ஒரே இடைவெளியிலை வேற சுருதிகள். கடைசியா ஒண்டைப் போட்டு, முதல் கேட்டதும் இதுவும் ஒண்டோ எண்டு கேக்கிறது. கடைசிச் சத்தம் தாளத்திலை விழுந்தால் ஆக்கள் கூடுதலாச் சரி சொல்லிச்சினம். முந்தியோ பிந்தியோ விழுந்தால் பிழை கூடிச்சு. காது அதேதான், வந்த நேரம்தான் வேற.

எங்கடை தண்ணித் தாங்கிப் பைப்பின்ரை வாசர் போட்டுது. ராவிலை வாளிக்குள்ளை சொட்டும். எல்லாச் சொட்டும் ஒரே சொட்டு, ஆனால் எனக்கு 'தகதிமி தகதிமி' எண்டு நாலு நாலாத்தான் கேக்குது. போல்டன் எண்டவர் 1894 இலை வெறும் 'டிக்' சத்தத்தை வைச்சு இதைத்தான் கண்டவர். ஆக்கள் தாங்களாவே ரெண்டு, மூண்டு, நாலு எண்டு கட்டிக்கொள்ளுவினமாம். நித்திரை வராததாலை எழும்பிப் போய்ப் பைப்பைக் கொஞ்சம் இறுக்கினன். சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையிலை ரெண்டு செக்கன் அளவு வந்ததும் தகதிமி கலைஞ்சு போச்சு. பிறகு தனித்தனிச் சொட்டுத்தான். (மனுசி கேட்டா, உமக்கு என்ன விசரோ எண்டு.)

இனி உன்ரை பஸ். தொண்ணூறிலை பங்கருக்குள்ளை இருந்தம், நினைவிருக்கோ? தூரத்திலை ஷெல் குத்துற சத்தம் கேக்கும், நீ எண்ணத் தொடங்குவாய். உன்ரை எண்ணிக்கை முப்பதைத் தாண்டினதா எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கெண்டால் அது அரை மணித்தியாலம். எப்ப விழும் எண்டு தெரியாத அடிக்குக் கவனம் எங்கை போய் நிக்கிறது? இறங்கி ஆற அதுக்கு இடமே இல்லை. நேரத்தையே பாத்துக்கொண்டு நிண்டால் நேரம் நீளும். பஸ் தரிப்பிலை உனக்கு நடக்கிறதும் அதுதான், பயம் மட்டும் இல்லை.

கிழமையள் காணாமல் போறது வேற சங்கதி. வில்லியம் ஜேம்ஸ் 1890 இலையே இதை எழுதிப் போட்டார்: விதம்விதமா நடந்து நிறைஞ்ச நேரம் போகேக்கை குறுகும், திரும்பிப் பாத்தால் நீளும், வெறுமையான நேரம் நேர்மாறு. மிஷெல் சிஃப்ரே எண்ட பிரெஞ்சுக்காரன் 1962 இலை மணிக்கூடு இல்லாமல் ரெண்டு மாசம் குகைக்குள்ளை இருந்தான். செக்கனுக்கு ஒண்டா 120 வரை எண்ணச் சொன்னால் அஞ்சு நிமிசம் எடுத்தானாம். செப்டம்பர் 14 ஆம் திகதி அவனை வெளியிலை எடுக்கேக்கை, அவன்ரை கணக்கிலை ஓகஸ்ட் 20. எத்தனை நாள் குறையுது எண்டு எண்ணிப் பார். 25 நாள்! ஒரு நல்லூர்த் திருவிழா, கொடியேத்தத்திலையிருந்து தீர்த்தம் மட்டும், முழுசா அவன்ரை கணக்கிலையிருந்து விழுந்துபோச்சு.

நான் இந்தமுறை அந்த 25 நாளும் போனன். மஞ்சம் எண்டைக்கு, சப்பறம் எண்டைக்கு, தேரண்டு செருப்பைத் துலைச்சது எல்லாம் இப்பவும் சொல்லுவன். அதுக்குப் பிறகு போன இந்தக் கிழமையைக் கேட்டால், பைப் சொட்டினதைத் தவிர ஒண்டும் இல்லை. உடனை டிக்கெட் எடு எண்டு சொல்ல வரேல்லை, உன்ரை முழங்கால் எனக்குத் தெரியும்.

ஒரு வேலை செய். விரலாலை மேசையிலை, உனக்கு எது வசதியோ அந்த வேகத்திலை, ஒரு நிமிசம் தட்டி எண்ணு. பேத்தி 140 தட்டினாள், நான் 84. சின்னனுகள் வேகம், வயசு போகப்போக இறங்குமாம். வகுப்பிலை மேசை தட்டி நாங்கள் அடி வாங்கின காலத்திலை நீ என்னைவிட எப்பவும் வேகம். உன்ரை எண்ணிக்கையை எழுது. கள்ளம் அடிக்காதை, காலையும் ஆட்டாதை.

அன்புடன்,
உன்ரை வாங்குக்காரன்