பழுதுபார்த்த மெஷினை மறுபடி ஓட்டச் சொல்வது யார்? கதிர்வீச்சு சிகிச்சை நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். லினாக், அதாவது கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின், பழுதாகி, சர்வீஸ் இன்ஜினீயர் வந்து சரிசெய்துவிட்டுக் கிளம்பியதும், கதிர்வீச்சின் அளவைச் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளர்களான எங்களுக்கு உங்களிடமிருந்து போன் வரும். ‘மெஷின்தான் ரெடி ஆயிடுச்சே, இன்னும் ஏன் பேஷன்டை எடுக்கலை?’ கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியூரிலிருந்து வந்து ஆறு வாரம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு நாள் தள்ளிப்போனாலும் கஷ்டம்தான். சிகிச்சையில் இடைவெளி விழுந்தால் பலன் குறையும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: பழுதுபார்த்த மெஷினை மருத்துவ இயற்பியலாளர் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை ஒரு நோயாளியைக்கூட அதில் படுக்க வைக்காதீர்கள்.

1990 டிசம்பரில் ஸ்பெயினின் சரகோசா நகரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு மருத்துவமனையில் லினாக் நின்றுபோனது. பராமரிப்பு ஆள் வந்து ஓட வைத்தார். இயற்பியலாளர்களிடம் யாரும் சொல்லவில்லை. அளக்காமலே சிகிச்சை தொடர்ந்தது. எலக்ட்ரான் ஆற்றலை எந்த அளவில் வைத்தாலும் கட்டுப்பாட்டுப் பலகையின் முள் 36 எம்இவியிலேயே (எம்இவி என்பது ஆற்றலின் அலகு) நின்றது. முள் சிக்கிக்கொண்டது போல என்று விட்டுவிட்டார்கள். முள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நாளில் 27 பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சை வாங்கினார்கள். அவர்களில் பலர் இறந்துபோனார்கள். ஃபாண்டத்தில் (உடலுக்குப் பதிலாக வைக்கும் மாதிரி) ஒரு ஐயன் சேம்பரை, அதாவது கதிர்வீச்சை அளக்கும் கருவியை, வைத்து அன்றைக்கே அளந்திருந்தால் சில நிமிடங்களில் வெளிப்பட்டிருக்கும்.

தினமும் காலையில் நாங்கள் செய்வதும் இந்த வகை வேலைதான். கதவைத் திறந்தால் கதிர்வீச்சுக் கற்றை நின்றுவிடுகிறதா, லேசர் கோடுகள் சரியான புள்ளியில் விழுகின்றனவா, மெஷின் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவில் (அவுட்புட்) வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்போம். மாதாந்திரச் சோதனையில் இரண்டு சதவீதம், வருடாந்திரச் சோதனையில் ஒரு சதவீதம் என்று எல்லை இறுகிக்கொண்டே போகும். டாக்டர் ஒரு பிளானில் தவறினால் பாதிப்பு ஒருவரோடு போகும். மெஷினின் அளவீடே தவறினால் அன்று முதல் அதில் படுக்கும் எல்லோருக்கும் அதே தவறுதான் போய்ச் சேரும்.

சரி, இயற்பியலாளரே தவறு செய்தால்? செய்வார். 1996இல் கோஸ்டா ரிகாவின் சான் ஹோசேயில் கோபால்ட்டிலிருந்து வரும் கதிர்வீச்சால் சிகிச்சை தரும் ஒரு மெஷினுக்குப் புதுக் கோபால்ட் மாற்றினார்கள். அளவீட்டின்போது 0.3 நிமிடம் என்பதை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது 18 விநாடி. பள்ளிக்கூடக் கணக்கு! சுமார் ஒரு மாதம், 115 நோயாளிகள், தேவையைவிடப் பாதிக்கும் மேல் அதிக டோஸ் (கதிர்வீச்சு அளவு). இன்னொருவர் தனியாக அளந்து ஒப்பிட்டிருந்தால் முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கும். ஒரே ஒரு இயற்பியலாளரை வைத்து இரண்டு மெஷின்களை ஓட்டும் இடங்களில் அந்த ‘இன்னொருவர்’ எங்கிருந்து வருவார் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அதைவிடப் பயம் தருவது இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் கதை. 1982இல் அங்கே திட்டமிடும் கம்ப்யூட்டர் வந்தது. மெஷினுக்கும் நோயாளிக்கும் இடையிலான தூரத்துக்கான திருத்தத்தை அதுவே செய்துவிடும். ஊழியர்களோ பழைய வழக்கப்படி கையாலும் அதே திருத்தத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். விளைவு, டோஸ் குறைந்தது, சிலருக்கு 30 சதவீதம்வரை. 1991இல் வேறு கம்ப்யூட்டர் வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. அதற்குள் சுமார் ஆயிரம் பேர் அப்படிச் சிகிச்சை முடித்துப் போய்விட்டார்கள். டோஸ் கூடினால் தோல் வெந்து காட்டிக்கொடுக்கும். குறைந்தால் நோயாளி சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், கட்டி திரும்பி வந்தால் பழி நோயின் மேல் விழும். புகார் வரவில்லை என்பதை வைத்து எங்கள் வேலையை எடை போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வெளியாள் சரிபார்க்க வழி உண்டு. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் தபாலில் டோஸ் தணிக்கை நடத்திவருகின்றன. கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் சின்னக் குப்பி வரும். அதற்கு 2 கிரே (கிரே என்பது டோஸின் அலகு) கொடுத்துத் திருப்பி அனுப்பினால், நாம் சொன்ன டோஸும் அவர்கள் அளந்ததும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்று சொல்லிவிடுவார்கள். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இப்படிச் செய்து தருகிறது. லினாக்குக்குக் கோடிகளில் செலவழித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று வரிகளை எழுத்தில் போடுங்கள். சர்வீஸுக்குப் பின் மெஷினை மறுபடி ஓட்டும் அதிகாரம் இயற்பியலாளருக்கு மட்டுமே; சந்தேகம் வந்தால் நிறுத்தியவர்மேல் நடவடிக்கை கிடையாது; வெளித் தணிக்கையின் முடிவு ஒவ்வொரு முறையும் உங்கள் மேஜைக்கு வர வேண்டும். காலைச் சோதனைக்கான நேரத்தை அப்பாயின்ட்மென்ட் அட்டவணையிலேயே ஒதுக்கிவிட்டால் நோயாளிகளும் அதற்கேற்ற நேரத்தில் வருவார்கள், உங்களுக்கும் போன் செய்யும் வேலை மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ இயற்பியலாளர்