அம்மாவுக்கு, வருசப்பிறப்புக்கு வர்றதுக்கு முன்னாடி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஃபோன்ல பேசுனா நீ அழுதுடுற, நான் சொல்ல வந்தது பாதியில நின்னுடுது, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், தம்பி வாசிச்சுக் காட்டுவான், அப்பாவும் பக்கத்துல உக்காந்து கேக்கட்டும். வருசப்பிறப்புக்கு நாங்க ஹட்டன் வர்றது உறுதி, டிக்கெட் போட்டாச்சு.

முதல்ல பாப்பா மூஞ்சி. வீடியோ கால்ல பாத்துட்டு பெரியம்மா "பெங்களூர் சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு போல, கொழுகொழுன்னு இருக்கா"ன்னு சொன்னாங்கல்ல, அது சாப்பாட்டுச் சதை இல்லம்மா, மாத்திரை. ஸ்டீராய்டு சாப்பிட்டா கன்னம் அப்படித்தான் உப்பும், டோஸ் குறைய குறைய வத்திடும். வேன்ல இருந்து இறங்குன உடனே யாரும் கன்னத்தக் கிள்ளி குண்டம்மான்னு கூப்பிடக்கூடாது, இத நீதான் எல்லார்கிட்டயும் சொல்லி வைக்கணும். நாலு வயசுதான், ஆனா அவளுக்கு எல்லாம் புரியுது, கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு கன்னத்தையும் உள்ள அமுக்கிப் பாக்குறா.

நோய்க்கு நெஃப்ரோடிக் சின்ட்ரோம்னு பேரு. யாரோ டயாலிசிஸ் அது இதுன்னு சொல்லி உன்ன பயமுறுத்திட்டாங்க. அவ சிறுநீரகம் வேலை செய்யுதும்மா. அதுல ரத்தத்த வடிகட்டுற இடம் கொஞ்சம் லூசாகிடுது, ரத்தத்துல நிக்க வேண்டிய புரதம் ஒன்னுக்கோட வெளிய போயிடுது, புரதம் கொறஞ்சா தண்ணியும் ரத்தத்துல நிக்காம ஒடம்புல கோத்துக்குது, அதான் வீக்கம். அதனாலதான் ஆரம்பத்துல காலையில எந்திரிச்சா கண்ணு ரெண்டும் மூடிக்கிட்டு, சாயங்காலம் சரியாயிடும். முதல்ல காட்டுன டாக்டர் அலர்ஜின்னு சொட்டு மருந்து குடுத்தாரு, கால் வீங்குனதுக்கு அப்புறம்தான் யூரின் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. பத்துப் புள்ளைங்கள்ல எட்டு ஒம்போது பேருக்கு ஸ்டீராய்டு கேக்குமாம், நம்ம பாப்பாவுக்கும் கேக்குது. ஆனா திரும்பத் திரும்ப வரும், சளி புடிச்சா போதும் வந்துடும், பெரும்பாலான புள்ளைங்களுக்கு பெரிய புள்ளையா ஆகும்போது விட்டுடும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.

பாத்துக்குறதுன்னா எப்படின்னா, தினம் காலையில முதல் ஒன்னுக்க ஒரு கப்புல புடிச்சு அதுல ஸ்ட்ரிப் நனைச்சு ஒரு நிமிசம் கழிச்சு பாட்டில்ல ஒட்டியிருக்குற கலரோட ஒத்துப் பாக்கணும். மஞ்சளா இருந்தா நிம்மதி. பச்சை ஏற ஏற எனக்கு வயித்தக் கலக்கும். தொடர்ந்து மூணு நாள் மூணு ப்ளஸ், அதான் நல்ல பச்சை, வந்தா திரும்ப வந்துடுச்சுன்னு அர்த்தம், டாக்டருக்கு சொல்லணும், மாத்திரைய மறுபடி கூட்டுவாங்க. எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைக்கிறோம், தேதி, ரிசல்ட், வெயிட், எத்தன மாத்திரை, காய்ச்சல் உண்டா. உன் மருமகன் எக்ஸெல்ல போடுறேன்னு ஆரம்பிச்சாரு, நான் வேணாம்னுட்டேன், டாக்டர் நோட்டத்தான் புரட்டிப் பாக்குறாங்க.

மாத்திரை ஒடம்புல இருந்தா பசி பசின்னு ஒரே அழுகை. நடுராத்திரி எந்திரிச்சு தோசை கேப்பா. கோவமும் வருது, பொம்மைய எல்லாம் தூக்கி எறியுறா, அது அவ குணம் இல்ல, மருந்து.

ஆஸ்பத்திரி கோரமங்களாவுல செயின்ட் ஜான்ஸ், புள்ளைங்க சிறுநீரகத்துக்குன்னே தனி டாக்டருங்க இருக்காங்க. நாங்க இருக்குறது அல்சூர், இங்கயிருந்து ஆட்டோவுல போனா டிராஃபிக்ல காலை நேரம் ரொம்ப இழுக்கும். ஆனா வெயிட்டிங்ல உக்காந்தா சுத்தி தமிழ்தான், கிருஷ்ணகிரி, ஓசூர், கோலார் தங்கவயல் ஆளுங்க. தங்கவயல்ல இருந்து வர்ற ஒரு அக்கா மகனுக்கும் இதே நோய், ஏழு வயசு. ஸ்ட்ரிப்ப எங்க கம்மியா வாங்கலாம்னு சொல்லிக் குடுத்ததே அவங்கதான். நான் சிலோன்னு சொன்னதும் எல்லாரையும் போல யாழ்ப்பாணமான்னு கேட்டாங்க, தேயிலைத் தோட்டம்னு சொன்னா யாருக்கும் தெரியல. தாத்தாவோட அண்ணன் 1964 இந்தியா-சிலோன் ஒப்பந்தத்துல கோத்தகிரி போயி இந்தியர் ஆயிட்டாரு, தாத்தா போகல, அதனால பேத்தி இங்க ஆன்லைன்ல ஃபாரினர்னு பதிவு பண்ணிட்டு உக்காந்திருக்கேன். நெனச்சா சிரிப்பு வருது, கொஞ்சம் எரிச்சலாவும் இருக்கு.

காசு பத்தி அப்பா கேட்டாரு. மாத்திரை சில்லறைக் காசுதான், பிளட் டெஸ்ட், அட்மிட் ஆனா ரூம், அதுதான் இழுக்குது. நம்ம ஊருல கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பில்லே கிடையாதுங்குறத இங்க வந்துதான் நான் பெருசா நெனக்கிறேன். ஆனா உன் மருமகனுக்கு வேலை இங்க, மெட்ரோவுல ஒயிட்ஃபீல்டு நேரா போயிடுறாரு, இப்போதைக்கு நாங்க இங்கதான், திரும்பி வந்துடுன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேக்காதம்மா.

இப்ப முக்கியமானது. கீழ லயன் வீட்டு ஆச்சி நாட்டு மருந்து தர்றேன்னாங்கன்னு சொன்ன. வேணாம். அவங்க மேல மரியாதை இருக்கு, ஆனா என்ன வேரு என்ன இலைன்னு தெரியாதத இந்தப் புள்ளைக்குக் குடுக்க மாட்டேன். ஸ்டீராய்ட ரெண்டு நாள் நிறுத்திப் பாருன்னும் யாரும் சொல்லக்கூடாது, ரொம்ப நாள் சாப்பிட்டா ஒடம்பு தானா சுரக்குற ஸ்டீராய்ட நிறுத்தி வச்சிருக்கும், மாத்திரைய திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து, டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். கோயிலுக்கு நேர்ந்தது நேர்ந்ததாவே இருக்கட்டும், அது வேற, நானும் கும்பிடுறேன்.

அவ சாப்பாட்டுல உப்பு கம்மி. கருவாடு, கட்டசம்பல், மிக்சர் எதுவும் அவ கண்ணுல படாம வை, பிஸ்கட் டின்ன மேல தூக்கி வை. தோட்டத்துல யாருக்காவது அம்மை போட்டிருந்தா எனக்கு இப்பவே சொல்லு, அந்தப் பக்கமே போகக்கூடாது, அவ பக்கத்துல போயிட்டா டாக்டருக்கு உடனே தெரியணும். வயித்து வலியோட காய்ச்சல் வந்தா காலையில பாத்துக்கலாம்னு இருக்க மாட்டோம், முதல்ல டிக்கோயா ஆஸ்பத்திரி, அங்கயிருந்து தேவைன்னா பேராதனை புள்ளைங்க ஆஸ்பத்திரி. அவளோட பேப்பர் எல்லாம் ஒரு ஃபைல்ல கொண்டுவர்றேன். ராத்திரி வர்றதுக்கு ஒரு த்ரீவீலர்காரர் நம்பர் அப்பாகிட்ட இருக்கணும்.

அப்புறம் தம்பி, கட்டுநாயக்கவுல இருந்து வேன் பேசும்போது டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடு, வழியில அடிக்கடி ஒன்னுக்குக்கு நிறுத்தணும், மொகம் சுளிக்கிற ஆளா இருந்தா வேற வேன் பாரு.

இப்படிக்கு
உன் மக